கடனா, தியாகமா?

தெமோதரையில் புகையிரதப் பாதை வளைந்து சென்று, தன் நிலையத்திற்குக் கீழேயே சுரங்கத்தினுள் நுழைகிறது. பதுளைக்குப் புகையிரதம் வந்த ஆண்டு 1924. தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றக் கண்டே பொறியியலாளர் விமலசுரேந்திர இவ்வளைவைக் கற்பனை செய்தார் என்பது செவிவழிக் கதை. மெய்யோ புனைவோ, கதையில் பொறியியலாளருக்குப் பெயர் உண்டு, கங்காணிக்கே இல்லை. மண் சுமந்தவர்களைப் பற்றிக் கேட்பானேன்?

இதை வகுப்பில் சொன்னபோது மாணவி ஒருத்தி வினவினாள்: "பொறியியல் படித்தவர் எங்களுக்குப் படிப்பிக்க வருவாரா, சேர்?" அவள் அருகிலிருந்தவன் முந்திக்கொண்டான்: "வந்தால் அவர் படிப்பு வீண்தானே!"

அவன் சொல் என்னைச் சுட்டது. 2013 முதல் நம் நாட்டில் உயர்தர வகுப்பில் தொழினுட்பத் துறை உண்டு. பொறியியல் தொழினுட்பவியல் அங்கே ஒரு பாடம். உயிர்மருத்துவப் பொறியியல் கற்ற ஒருவர் அதைக் கற்பிக்க ஊவா மலைக்கு வந்தால், ஊரார் சிலர் "வீண்" என்பர். சிலர் "தியாகம்" என்பர். இகழ்ச்சியும் புகழ்ச்சியும் ஒரே வேரில் முளைத்தவை: தொழிலாளியின் பிள்ளைக்குக் கற்பிப்பது தாழ்ந்த பணி என்ற எண்ணமே அவ்வேர்.

சற்றே கணக்குப் பார்ப்போம். இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. நாட்டின் அந்நியச் செலாவணியைப் பல பத்தாண்டுகள் பெரும்பங்கு ஈட்டித் தந்தது தேயிலை. அத்தேயிலையைக் கொய்தவரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. அவர்தம் பிள்ளைகளின் தோட்டப் பாடசாலைகளோ 1970களிலேதான் அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின. விலையை முன்னரே செலுத்தியவருக்குப் பொருள் கடைசியில் கிடைத்தது! ஆகவே, இலவசக் கல்வியால் உயர்ந்த பொறியியலாளர் இங்கு வருவது கொடையன்று; கடன் தீர்ப்பதாகும்.

"அவருக்கும் குடும்பம் இல்லையா?" என்பீர்கள். உண்டு. தகுந்த ஊதியம் கேட்பது அவர் உரிமை. அதனாலேயே தியாகம் என்னும் சொல்லை அஞ்சுகிறேன். தனிமனிதர் கழுத்தில் மாலையிட்டு, அரசைக் கடமையிலிருந்து விடுவிக்கும் சொல் அது. ஒரு குழந்தையின் கல்வியுரிமை, ஒரு நல்லவரின் மனத்தை நம்பி நிற்கலாகாது.

எதைக் கற்பிப்பது என்பதும் அறம் சார்ந்த கேள்வியே. நகரத்துப் பிள்ளைக்குச் சிந்தனை, தோட்டத்துப் பிள்ளைக்குத் திருகாணி என்று பங்கிட்டால், பழைய கங்காணித்தனம் புதுச் சட்டை அணிந்ததாகவே முடியும். நம் மாவட்டத்துக் கிராந்துருக்கோட்டையில் காரணம் துலங்காத சிறுநீரக நோய் உழவரை வாட்டுகிறது. குருதியைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தை இயக்க மட்டுமன்று, நுண்ணிய சவ்வு கழிவை எவ்வாறு பிரிக்கிறது, இந்நோய் ஏன் ஏழை உழவனைத் தேடி வருகிறது என்று கேட்கவும் மாணவர் பழக வேண்டும்.

அன்று அம்மாணவிக்கு, "வர வேண்டும், வரும்படி நாம் கேட்க வேண்டும்" என்றேன். அவள் உடனே கேட்டாள்: "யாரிடம் கேட்பது, சேர்?"

பாடம் அங்கேதான் தொடங்கியது.