தனி முசல்லா

2020, மே. ரமலான், ஊரடங்கு. திருவல்லிக்கேணி மேன்ஷன். ஊருக்குப் போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள்.

சஹர். நேற்று வடித்த சோறு, தயிர். விழுங்கும் சத்தம் எனக்கே கேட்கிறது.

வாலாஜா பள்ளிவாசலுக்குள் போக வழியில்லை. பாங்கு மட்டும் தெருவைத் தாண்டி மாடி ஏறி வருகிறது.

*

கிப்லா, தொழும் திசை, இந்த அறையில் கோணலாக விழுகிறது. மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே. முசல்லா விரிப்பின் ஒரு முனை கட்டில் காலில் இடிக்கிறது. மடித்துவிட்டு நிற்கிறேன்.

*

லுஹருக்கு ஒளு. மொட்டை மாடித் தொட்டி, அக்னி நட்சத்திரம். குழாயில் வெந்நீர்.

வாய் கொப்பளிக்கிறேன். அந்த வெந்நீரும் நாக்குக்கு இனிக்கிறது.

துப்புகிறேன்.

*

நேற்று இரவு போனில் மக்கா. ஹரமில் தராவீஹ் பத்து ரக்அத்தாகக் குறைந்திருக்கிறது. சில வரிசைகள், இடைவெளி விட்டு. கஅபாவைச் சுற்றி வெள்ளைத் தரை.

அங்கேயும் இடம் நிறைய இருக்கிறது.

*

அஸர். பசி வயிற்றை விட்டு நெற்றிக்கு வந்திருக்கிறது.

சுஜூதில் அந்த நெற்றியைத் தரையில் வைக்கிறேன். சிமெண்டின் தண்மை துணி வழியே மெல்ல ஏறுகிறது. மூன்று தஸ்பீஹ் போதும். எழுந்திருக்க மனமில்லை. இன்னும் சொல்கிறேன்.

மூச்சு முசல்லாவில் பட்டு முகத்துக்கே திரும்புகிறது.

வலப்பக்கம் சலாம். சுவர், காலண்டர்.

இடப்பக்கம் சலாம். சாத்திய கதவு.

தனியாகத் தொழுகிறவன் மலக்குகளை நினைத்துச் சலாம் கொடுக்க வேண்டும் என்று சின்ன வயதில் மதரஸாவில் ஹஜ்ரத் சொல்லித் தந்தது. அப்போது பக்கத்தில் எப்போதும் யாராவது இருந்தார்கள்.

தோள்கள் லேசாகியிருக்கின்றன.

*

ஒரு கை பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு. பள்ளியின் நோன்புக் கஞ்சி அண்டா வாசனை இந்தச் சின்னப் பாத்திரத்தில் பாதிதான் வருகிறது.

போன வருடம் பள்ளியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மயிலாப்பூர் சூஃபிதார் தொண்டர்கள், சிந்தி இந்துக்கள், தொப்பி வைத்துக்கொண்டு பரிமாறினார்கள். அதன்பின் தொழுகை. பக்கத்தில் நின்றவரின் பெயர் தெரியாது. அவர் தோள் என் தோளில் பட்டது.

*

ஆறரைக்குச் சற்று முன் பாங்கு.

பேரீச்சம்பழம். தண்ணீர் இறங்கும் வழி முழுதும் தெரிகிறது.

*

மஃரிப். பகல் தொழுகைகளில் உதடு மட்டும் அசைந்தது. இப்போது முதல் இரண்டு ரக்அத் சத்தமாக.

இன்று யாருடனும் பேசவில்லை. என் குரலை இப்போதுதான் கேட்கிறேன். கரகரக்கிறது. அல்ஹம்து சூராவின் நடுவில் எங்கோ சரியாகிறது. அறை அதைக் கேட்டுக்கொள்கிறது.

மூன்றாவது ரக்அத். மறுபடியும் உதடு மட்டும்.

*

இஷா முடிந்து தராவீஹ். பள்ளியில் ஹாஃபிழ் இந்த மாதத்துக்குள் முழுக் குர்ஆனையும் ஓதி முடித்துவிடுவார். எனக்குத் தெரிந்தவை கடைசி ஜுஸ்உவின் சின்னச் சூராக்கள். அவையும் தீர்ந்துபோகின்றன.

குல்ஹுவல்லாஹு மறுபடி வருகிறது.

வரட்டும். இன்னும் ரக்அத் இருக்கிறது.