அளவிறந்த பாரம்

ஆர்.கே.பேட்டையை அடுத்த அம்மையார்குப்பம் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒரு நெசவாளர் இல்லத்திற்குத் துணி எடுக்கச் சென்றிருந்தேன். உள்ளே தறியோசை. கூடத்தில் இளந்தாய் ஒருத்தி இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய நான்கு வயது மகன் நூலை இழுத்துச் சிக்காக்கிவிட்டான். பளீரென்று ஓர் அடி விழுந்தது. "இன்னைக்கு உனக்குச் சோறு கிடையாது" என்றாள். அடுத்த கணமே அவள் கண்களும் கலங்கின.

அது இம்சை என்பதில் ஐயமில்லை. யாருடைய இம்சை என்பதே வினா.

சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறார். உறுப்பை அறுத்தல், கட்டுதல், துன்புறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவை மறுத்தல் என்பன அவை. மாட்டையும் வண்டியையும் நினைத்தே இவற்றைப் படித்துப் பழகிவிட்டோம். அத்தாய் ஒரே நொடியில் இரண்டு அதிசாரங்களில் வீழ்ந்தாள். ஆனால் இராட்டையையும் அடுப்பையும் முதியோர் பணிவிடையையும் பிள்ளை வளர்ப்பையும் ஒருத்தியின் தோளிலேயே வைத்துவிட்டு, "பொறுமை இல்லாதவள்" என்று பேசும் வீட்டார் நான்காவதில் நிற்கிறார்கள் அல்லரோ?

இதனால் அடித்த கைக்கு விலக்குக் கிடைத்துவிடாது. வினை செய்தவரையே சேரும். ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகையாலும் வினை கட்டும் என்பது நாம் சிறுவயதிலேயே கேட்ட பாடம். உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையைப் பிரமாதத்தோடு, அதாவது விழிப்பின்மையோடு, சேர்த்தே விளக்குகிறார். உறக்கமின்றி உழைத்துச் சோர்ந்த மனத்தில் விழிப்பு எங்கிருந்து வரும்?

பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் ரோஸ்காம், மிகோலாய்சாக் என்னும் இரு பெண் அறிஞர்கள் பெற்றோரின் இத்தகைய சோர்வை நெடுநாள் ஆராய்ந்து வருகின்றனர். சோர்வு முற்றினால் பிள்ளைகளைப் புறக்கணித்தலும் அடித்தலும் மிகுகின்றன என்று 2018இல் காட்டினர். 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில், சோர்ந்த பெற்றோர் சிறு குழுக்களாக எட்டு வாரம் கூடினர். சில குழுக்களுக்கு முறையான பயிற்சி தரப்பட்டது. மற்றவற்றில் அறிவுரை கூறாமல் அவர்கள் பேசுவதைச் செவிமடுத்தனர். இரண்டிலும் சோர்வு தணிந்தது. பிள்ளைகள்மேல் காட்டிய வன்மையும் குறைந்தது. நம் வீடுகளில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை, செவிக்குத்தான் பஞ்சம்.

"எங்கள் பாட்டி பத்துப் பிள்ளை பெற்றாள், எந்தப் பயிற்சிக்குப் போனாள்?" என்று கேட்பவர் உண்டு. பாட்டிக்கு ஓரகத்திகளும் நாத்தனாரும் அடுத்த வீட்டுத் திண்ணையும் இருந்தன. அந்தக் காலத்திலும் அடி விழாமல் இல்லை என்பதை முதுகு மறந்துவிட்டது போலும்!

மனவலிமைப் பயிற்சி வேண்டியதே. சினம் எழும்போது பத்து மூச்சு விட்டு விலகி நிற்கக் கற்றவள் ஓர் அடியையேனும் தவிர்ப்பாள். 2022இல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஆனால் தோளிலிருந்து ஒரு மூட்டையையும் இறக்காமல் "வலிமை பெறு" என்று மட்டும் சொன்னால், அப்பயிற்சியும் இன்னொரு மூட்டையாகிவிடும்.

அன்று அவ்வீட்டில் யாரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. உள்ளறையிலிருந்து மாமியார் மெல்ல எழுந்து வந்து, "நவுரும்மா, நான் சுத்துறேன்" என்று இராட்டையின் முன் அமர்ந்தார். அவள் பையனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் சென்றாள். சிறிது நேரத்தில் தட்டு வைக்கும் ஓசை கேட்டது.