படத்தில் இருப்பவருக்கு என்ன பங்கு?

புதிதாகக் கேமரா வாங்க நினைக்கும் இளைஞர்கள், 'எந்த லென்ஸ் வாங்கலாம்?' என்று என்னிடம் கேட்பதுண்டு. 50 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும் என்பேன். விலை குறைவு என்பது ஒரு காரணம். பிரெஞ்சுப் புகைப்பட மேதை கார்ட்டியே-பிரஸ்ஸோன் தம் படங்களில் பெரும்பாலானவற்றை அதைக் கொண்டே எடுத்தார் என்பது இன்னொன்று. மூன்றாவது காரணந்தான் முக்கியமானது. அதில் ஒரு முகத்தை எடுக்க வேண்டுமானால் அந்த மனிதரின் அருகே போயாக வேண்டும். அருகே போனால் அவரும் நம்மைப் பார்ப்பார்; கேள்வி கேட்பார்.

கடமலைக்குண்டில் அப்படி ஒரு கேள்வி என் காதில் விழுந்தது. இலவங்காய் உடைக்கும் களம் அது. காலை வெயிலில் பஞ்சு பறப்பது பனி பெய்வதுபோல் இருந்தது. என்னுடன் வந்த பையன் மெய்மறந்து படமெடுத்தான். முந்தானையால் மூக்கைப் பொத்தி இருமிக் கொண்டிருந்த கிழவி, "ஏய்யா, எங்களுக்கு மூச்சு முட்டுது, ஒனக்கு அது அழகாத் தெரியுதாக்கும்?" என்றாள்.

அந்த அழகும் உண்மை, இருமலும் உண்மை. ஆனால் அழகு கண்காட்சிக்குப் போய்விடும். இருமல் களத்திலேயே தங்கிவிடும். இது நியாயமா?

1936-இல் கலிபோர்னியாவில் டாரதியா லாங்கே எடுத்த 'இடம்பெயர்ந்த தாய்' உலகப் புகழ் பெற்ற படம். அந்தத் தாயின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங்கேயே பிற்காலத்தில் எழுதினார். படம் வெளியானதும் அந்த முகாமுக்கு அரசாங்கம் உணவு அனுப்பியது. அதற்குள் அவள் குடும்பம் வேறிடம் போய்விட்டது! ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற அவள் பெயர் உலகுக்குத் தெரிந்தது 1978-இல்.

அதற்காக, சம்மதம் பெற்றே எடுக்க வேண்டும் என்று விதித்துவிடலாமா? 1984 டிசம்பரில், போபால் விஷவாயுவுக்குப் பலியான ஒரு குழந்தையைப் புதைக்கையில் ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் படமெடுத்தார்கள். அந்தக் குழந்தையிடம் யார் சம்மதம் கேட்பது? ஆயினும் அந்தப் படங்கள் எடுக்கப்பட்டது நல்லதென்றே, கனத்த மனத்தோடு சொல்வேன். அவை இல்லையென்றால் அந்தச் சாவுகளை மறப்பது நமக்கு இன்னும் எளிதாகியிருக்கும்.

வாய் திறக்க முடியாதவரைப் படமெடுத்தால், அவருக்காக நாம் பேசக் கடமைப்பட்டிருக்கிறோம். பேசக்கூடியவரிடமோ பேசிவிட்டு எடுப்பதே முறை. அவர் சம்மதித்தால் பெயரையும், அவர் சொன்னதையும் படத்தின் அடியில் எழுதலாம்; ஒரு பிரதியை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ஆகவே கேமராப் பையில், லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்துக்கும் இடம் வையுங்கள்.