சுண்ணாம்பு பூசாத முட்டி

வன்னி நிலத்தில் தந்தையிடமிருந்து மகனுக்கு வழிவழியாக வந்த மது வடிப்பு என்பது பனையேறிக் கள் இறக்கும் சீவல் தொழிலேயாகும். 1970களில் எழுந்த பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபையும் அதற்கு ஓரளவு நிறுவன வடிவம் அளித்தபோதிலும், தொழிலைச் சூழ்ந்த சமய வினா தீரவில்லை. கள்ளின் தீட்டு பொருளில் உள்ளதா, இறக்குபவரிடம் உள்ளதா, குடிப்பவரிடம் உள்ளதா என்பதே அவ்வினா.

பனையின் பூங்குலையாகிய பாளையைத் தடியால் இடுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியை நாள்தோறும் மெல்லிதாகச் சீவி, முட்டி எனப்படும் சிறு மண்கலத்தைக் கட்டினால் இனிய சாறு சொட்டுகிறது. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளிக்காத கருப்பநீராக நின்று, காய்ச்சியபின் பனங்கட்டியாகிறது. பூசாவிடின் இயற்கையான நொதியங்கள் சர்க்கரையைச் சில மணிநேரத்திலேயே மதுசாரமாக்க, கள்ளாகிறது. மரமும் கத்தியும் கையும் ஒன்றே.

புறநானூற்றில் அதியமானின் நடுகல்லுக்குப் படைக்கும் கள்ளை ஔவையார் தயக்கமின்றிப் பாடுகிறார். கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் அறிவை இழக்கும் குடியரை நோக்கியே பேசுகிறார். சைவ சித்தாந்தமும் உயிரைப் பற்றிய மூல அழுக்கை ஆணவம் என்று காண்கிறது; பொருளுலகுக்கு முதற்காரணமான மாயையை, விடியும்வரை உதவும் விளக்காகவே கொள்கிறது. ஆகவே குடி குடியைக் கெடுக்கும் என்பது முற்றிலும் மெய்யாயினும், அக்கேடு பாளையிலோ அதைச் சீவியவரின் பிறப்பிலோ இருப்பதாகச் சொல்ல இந்நெறியில் இடமில்லை.

வன்னியின் கோயில் வழக்கிலும் இதைக் காணலாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலை ஒட்டி, சிலாவத்தைக் கடலில் எடுத்த உப்புநீரால் முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் விளக்கெரிக்கும் வழக்கம், ஒரு பொருளின் தகுதி அதன் இயல்பால் மட்டுமன்றி, அது ஆட்படும் நோன்பாலும் அமைகிறது என்ற நம்பிக்கையையே காட்டுகிறது. கடல்நீருக்கு அருளிய இந்தப் பரிவைத் தமிழ்ச் சைவச் சமூகம் சீவல் தொழிலாளருக்கு நெடுங்காலம் மறுத்தது பெருங்குற்றமாகும். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நுழைவுரிமை கோரி நின்ற ஒடுக்கப்பட்டோருள் கள் இறக்கும் குடிகளும் இருந்தன. அவர்களைத் தடுத்தவர்கள் சாத்திரத்தைத் துணைக்கு அழைத்தார்கள், ஆனால் சித்தாந்தம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை.