போர்வைக்குள் இருந்த ஆம்ப்ளிஃபையர்

தொண்ணூறுகளில் டேப்ரெக்கார்டர் வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் அந்த ஸ்டிக்கர் ஞாபகம் இருக்கும். ஷூ பெட்டி சைஸ் செட்டின் நெற்றியில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று மின்னும். அதை நம்பி வாங்கி, பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கோபித்துக்கொள்ளாத சத்தத்தில் பாட்டுக் கேட்டவன் நான். அன்றிலிருந்து ஆடியோ விஷயத்தில் எண்கள் மேல் எனக்கு ஒரு சின்ன சந்தேகம்.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர். பி.எஃப். பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கினார். "ஸ்பெசிஃபிகேஷன் எல்லாம் சும்மா தம்பி. காதுதான் ஜட்ஜ்" என்பார்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அறுபதுகளில் வந்த ஆரம்பகால டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் 'டிஸ்டார்ஷன்' மிகக் குறைவு என்று மீட்டர் சொன்னது. கேட்டவர்களோ, காதைக் கீறுகிறது என்றார்கள். பிற்பாடு புரிந்தது. ஒலி அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்பாதியை இன்னொன்றும் சுமக்கின்றன. சுமை கைமாறும் இடத்தில் ஒரு சின்ன நொடிப்பு. முழு வால்யூமில் அளந்தால் அது கடலில் கரைத்த பெருங்காயம். மெல்லிய வால்யூமிலோ, சாம்பாரே பெருங்காயம்தான்! அளந்ததெல்லாம் முழு வால்யூமில். வீட்டில் கேட்டதெல்லாம் மெல்லிய வால்யூமில்.

பி.காம். படித்தவனுக்கு இது புதுசில்லை. மார்ச் 31 அன்று மட்டும் கம்பெனி கொழுத்துத் தெரிவதற்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று எங்களுக்குப் பெயரோடு சொல்லிக்கொடுத்தார்கள். அதற்காகக் கணக்கையே எரிக்கச் சொல்லவில்லை. ஜூலையிலும் பார் என்றார்கள். ஆடியோ இன்ஜினீயர்களும் அதைத்தான் செய்தார்கள். சின்ன வால்யூமிலும் அளந்தார்கள். காது சொன்ன புகார் மீட்டரிலும் தெரிந்தது.

இன்னொரு கதை. 1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டார். நீங்கள் கொண்டாடும் விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபையர் எதையாவது கொடுங்கள், என்னுடைய மலிவான பெட்டியை அதைப்போலவே பாடவைக்கிறேன் என்றார். இரண்டுக்கும் ஒரே இசையைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழித்தார். மிச்சம் எவ்வளவோ அதுதான் வித்தியாசம். இரண்டு நாள் உட்கார்ந்து, மிச்சத்தை ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தார். வித்தியாசம் தெரியவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். கவனியுங்கள், முதல் நாள் வித்தியாசம் இருந்தது. அது மீட்டரிலும் இருந்தது.

இதைப் படித்துவிட்டு வாய் சும்மா இருக்குமா? மேனேஜர் வீட்டில் பரீட்சை வைத்தோம். அவருடைய ஆம்ப்ளிஃபையரையும் என்னுடைய பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டியையும் போர்வைக்குள் வைத்தாயிற்று. முதல் சுற்றில் சுலபமாக ஜெயித்தார். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், அவருடையது ஒரு இழை அதிக சத்தம். இதுதான் இந்த விளையாட்டின் பெரிய பொறி. சத்தம் கொஞ்சம் கூடினால் நமக்கு அது சத்தமாகத் தெரியாது, 'தெளிவாக இருக்கிறது' என்றுதான் தெரியும். இரண்டையும் சமப்படுத்தினோம். பத்துத் தடவையில் ஐந்து சரி. காசு சுண்டினாலும் அதுதான் வரும்.

போர்வையை எடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் ஏன் இதைச் செய்தேன் என்று இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை சார். தினமும் சாயங்காலம் அந்தப் பெட்டி முன்னால் அவருக்குக் கிடைத்த சுகம் நிஜம். அந்த சுகத்துக்கு அவர் சொன்ன காரணம்தான் தப்பு. ஆம்ப்ளிஃபையரை அளக்க மீட்டர் போதும் என்றே நினைக்கிறேன். ஆனால், கேட்கிறவர் காதை மட்டும் கொண்டுவருவதில்லையே! விலை, பளபளக்கும் அலுமினியம், முப்பது வருஷ சர்வீஸ், எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்து உட்காருகிறார். அந்தக் காரணத்தைப் பிடுங்கினால் சுகம் தங்குமா, கூடவே போய்விடுமா?

ஒரு வாரம் அவரிடமிருந்து போன் இல்லை. எட்டாவது நாள் வந்தது. "அன்னிக்கு ஃபேன் ஓடிட்டிருந்துது தம்பி, கவனிச்சியா?" என்றார்.

"ஆமா சார், ஓடிச்சு" என்றேன்.


"ஞாயித்துக்கிழமை வா. போர்வை வேண்டாம்."