ஏவியவனும் செய்தவனும்

திருச்சியில் எம்.ஏ. தமிழ் படித்தபோது மூன்றாம் வேற்றுமை நடத்தினார்கள். 'கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது' என்றால் ஏவுதல் கருத்தா. 'கொத்தனால் கட்டப்பட்டது' என்றால் இயற்றுதல் கருத்தா. இலக்கணத்தில் இருவருக்கும் இடமுண்டு. வரலாற்றில்?

எங்க தாத்தா வெள்ளம் வடிந்தபிறகு ஸ்ரீரங்கத்துப் பக்கம் கொள்ளிடக் கரைக்கு மண் சுமந்தவர். பாலத்தில் போகும்போதெல்லாம், "இது நாங்க போட்ட கரைடா" என்பார். சின்னப் பிள்ளையில் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் வைட்ஹேவன் என்றொரு துறைமுக நகரம். 17ஆம் நூற்றாண்டில் அங்கே நிலவுடைமையாளராயிருந்த சர் ஜான் லௌதர் நிலக்கரி வெட்டுவித்து அயர்லாந்துக்குக் கப்பலேற்றினார். நேர்நேராகத் தெரு வகுத்து ஊரை வளர்த்தார். நகரை உருவாக்கியவர் அவரே என்கிறது வரலாறு. ஆனால் அவர் பெரும்பாலும் இருந்தது லண்டனில். மேலாளர்களுக்குக் கடிதம் எழுதியே காரியம் நடத்தினார். ஏவுதல் கருத்தாவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

அதே ஊரில் 1910இல் வெல்லிங்டன் சுரங்கம் தீப்பிடித்து 136 பேர் மாண்டார்கள். தீயணைக்க, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே சுரங்கத்தை அடைத்தார்கள். அப்போது அதை நடத்தியது குத்தகைக் கம்பெனி. அது 'விபத்து' ஆயிற்று. நகரம் எழுந்ததற்குக் கருத்தா உண்டு. ஆட்கள் செத்ததற்குக் கருத்தா இல்லை.

நம்மூருக்கு வருவோம். நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி வந்தது. 1956இல் அரசு நிறுவனம் ஏற்பட்டது. நிலம் கொடுத்த வள்ளல் என்று அவரைப் போற்றுகிறோம். அவர் கொடுத்ததை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த மண்ணில் பரம்பரையாகக் கூலிக்கு உழுத சேரிச் சனம் எதைக் கொடுத்திருக்க முடியும்? கொடுக்கவும் பட்டா வேண்டியிருக்கிறதே! இழந்தவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் ஏறாது. கொடை என்கிற அறமே நிலமுள்ளவனுக்கான அறமாக இருக்கிறது.

"ஏவுறதும் ஒரு வேலைதானே தோழர்? திட்டம் போட ஆளில்லாம துறைமுகம் வந்துடுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஏவியவன் பங்கை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏவியவன் என்பதால் புகழ் அவனுக்கு என்றால், அதே காரணத்தால் சாவுக்கும் அவனே பொறுப்பு. புகழ் மட்டும் மேலே போய், சாவு மட்டும் கீழே தங்குமென்றால் அது இலக்கணமல்ல, சாதி.

தாத்தா இலக்கணம் படித்தவரில்லை. 'என்னால் கட்டப்பட்டது' என்று அவர் சொன்னதுமில்லை. 'நாங்க போட்ட கரை' என்றார். அந்த 'நாங்க'வில் கூட மண் சுமந்த அத்தனை பேரும் இருந்தார்கள். எந்த மன்னனும் பிரபுவும் தன் கல்வெட்டில் எழுதாத சொல் அது. அன்றைக்குச் சிரித்ததற்கு இன்றைக்கு வெட்கப்படுகிறேன்.