வயலின் ஓரம்

காஜாங்கில் பருவம் என்று ஒன்று கிடையாது. வெயில், மழை, மறுபடி வெயில். செம்பனை வருஷம் முழுக்கக் காய்க்கும். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதே மரத்தில் குலை வெட்டுவார்கள். ஆனாலும் எங்கள் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை உண்டு. போன தடவை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 80 வெள்ளிக்கு எடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டார், "நீ என்னத்தடா அறுத்த, பண்டிகை கொண்டாட?"

பாட்டி தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். தாத்தா குலையை வெட்டித் தள்ளுவார். சிதறியதை இவர் சாக்கில் சேர்ப்பார். மரத்தடியில் பழம் கிடந்தால் மண்டோர் கத்துவார்.

லேவியராகமம் 23ஆம் அதிகாரம் பண்டிகைகளின் அட்டவணை. முதற்கதிர், ஐம்பதாம் நாள், கடைசியில் ஏழு நாள் கூடாரப் பண்டிகை. இவற்றுக்கு நடுவே, சம்பந்தமே இல்லாதது போல, ஒரு கட்டளை: வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்திக்கிடப்பதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. 'கொடு' இல்லை, 'விட்டுவிடு'. கொடுத்தால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அது முழுக்க என்னுடையது இல்லை என்று ஒத்துக்கொள்வது மட்டும்தான் அதில் இருக்கிறது.

அடுத்த அதிகாரம் விளக்கில் தொடங்குகிறது: அணையாமல் எரிய, இடித்துப் பிழிந்த ஒலிவ எண்ணெய். உபாகமம் 24 அதே ஒலிவ மரத்தைப் பற்றிப் பேசுகிறது: ஒருமுறை உதிர்த்தபின் கிளையில் மிச்சத்தைத் தேடாதே, அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும். பிற்காலத்தில் கூடாரப் பண்டிகை இரவுகளில் எருசலேம் தேவாலய முற்றத்தில் பெரிய விளக்குகள் எரிந்ததாக மிஷ்னா சொல்கிறது. எனக்குப் புரிவது இதுதான்: கிளையில் மிச்சம் விட்ட மரத்தின் எண்ணெய்தான் சந்நிதியில் எரியத் தகுந்தது. மற்றதெல்லாம் வெறும் வெளிச்சம்.

என் வேலையோ மிச்சமே இல்லாமல் செய்வது. போன வருஷம் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி வரிசையைத் திருத்தி ஷிஃப்டுக்கு 11 நிமிடம் மிச்சப்படுத்தினேன். அறிக்கையில் 'விரயம்' என்று எழுதினேன். அந்த 11 நிமிடத்தில்தான் வங்காளதேசத் தொழிலாளர்கள் கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். அதுதான் அவர்களுடைய வயலோரம். அதையும் அறுத்துவிட்டேன். பாட்டியின் கேள்விக்குப் பதில் இதுவாகத்தான் இருக்கும்.

மிச்சம் விட்டால் கம்பெனி எப்படி ஓடும் என்று கேட்கலாம். வேதம் அந்தக் கணக்கைப் போடவில்லை. எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்று சொல்கிறது. பரதேசி என்பது நமக்குத் திட்டுகிற வார்த்தை. அங்கே அது உரிமை உள்ள ஒருவனின் பெயர். பாட்டியின் அப்பாவும் கப்பலில் வந்து இறங்கிய பரதேசிதான்.

அந்த நிமிடங்களில் பாதியையாவது திரும்பத் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை. டிசம்பரில் வழக்கம்போல வாசலில் நட்சத்திர விளக்கு கட்டுவேன். சுவிட்சைப் போடுமுன் பாட்டியின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கும்.